மேசைக்குப் பின்னால் ஐந்து நாற்காலி

ஆஷ்பி லேண்டிங்
19 ஏப்ரல் 2013

அன்புள்ள ஷெல்லுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், முழங்காலைப் பற்றி மட்டும் கேட்காதே. தொலைபேசியில் நீ என்னைப் பேச விடுவதில்லை. நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

எல்ட்ரிட்ஜ் அண்ணனை நேற்று அடக்கம் செய்தோம். நீ மழையில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதாயே, பள்ளிப் பேருந்தையே திருப்பிக்கொண்டு போய்த் தேடிக் கொடுத்தாரே, அவர்தான். நேபோ மலைச் சபையில் கால் வைக்க இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்தார்கள். பாடகர் குழு நீல அங்கி போட்டுக்கொண்டு பாடியது. பாஸ்டர் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அழுதார். பள்ளிக்கூடத்து ஆள் யார் இறந்தாலும் பள்ளியை மூடி, பிள்ளைகள் பாடி வழியனுப்புவதுதானே நம் ஊர் வழக்கம்.

அன்று மாநிலத் தேர்வு என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிகளை நடத்துகிற எங்கள் போர்டு அவசரமாகக் கூடியது. தலைவர், நம் சபையின் ஹோலிஸ் டீக்கன்தான் பேசினார். "மகன் பட்டாளத்துலேருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் லீவு வாங்கிட்டு வந்திருக்கான். சனிக்கிழமை அடக்கம் வச்சா அப்பன் முகத்த அவன் எப்படிப் பாக்குறது? பரீட்சைய மறுநாள் எழுதினாப் போச்சு. தலைநகரத்துல இருக்கிறவங்க வீட்லயும் சாவு விழாமலா இருக்கும்?" என்றார். ஐந்து பேரும் கை தூக்கினோம். நானும்தான்.

நீ புதன்கிழமை போன் செய்து, "அம்மா, வேண்டாம்மா" என்று கத்தினாய். கத்தினாயே தவிர, வரவில்லை. உனக்கென்று கெளுத்தி மீன் வறுவலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பும் எடுத்து வைத்திருந்தேன். பார்லரில் என்னோடு வேலை செய்கிற டெனீஸ் சாப்பிட்டுவிட்டாள்.

தலைமுடிக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா?

உன் அம்மா,
வெர்டெல்


6 மே 2013

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்ட்ரிட்ஜ் மாமாவுக்காக நானும் அழுதேன். அந்தச் செருப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் இப்போது எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி. பார்லரில் வைத்து, டெனீஸுக்கு உரக்கப் படித்துக் காட்டாதே.

தேர்வுக்கு வராத பிள்ளைக்குப் பூஜ்யம் என்பது விதி. மறுதேர்வு வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஹோலிஸ் டீக்கன் இங்கே போன் செய்து, "சாவு வீட்டுக்குப் போனதுக்கு ஃபெயிலா?" என்று கேட்டாராம். எங்கள் மாநிலக் கல்வி அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மாநிலம் வருஷா வருஷம் போடுகிற தரத்தில் இது நம் பள்ளிகளுக்கு மூன்றாவது எஃப். மூன்றாவது எஃப் வந்தால் மாநிலம் எடுத்துக்கொள்ளும். போர்டு கலையும். நீ கலைவாய், அம்மா.

சாவின் மேல் பழி போடாதே. முந்தைய இரண்டு எஃப் வாங்கியபோது யாரும் சாகவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது டெனீஸின் மகள் ஜாமியாவிடம் ஒரு பத்திரிகையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயது. படங்களைப் பார்த்து ஒரு கதை சொன்னாள். நல்ல கதைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு சொல்லைக்கூட அவளால் படிக்க முடியவில்லை. நீங்கள் எல்லாரும், "என்ன வாய், என்ன வாய்!" என்று கைதட்டினீர்கள். நான் அந்தப் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு யார் வாயாலும் உனக்கு இது தெரியக் கூடாது. பள்ளிகளை மாநிலம் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று அறிக்கை எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன். "சொந்த ஊராச்சே, விலகிக்கறியா?" என்று கேட்டார்கள். மாட்டேன் என்றேன். எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதப்போகிறேன்.

கோபப்படு. ஆனால் பதில் எழுது.

அன்புடன்,
ஷெல்


ஆஷ்பி லேண்டிங்
27 செப்டம்பர் 2013

ரோஷெலுக்கு,

பதில் எழுது என்றாயே, எழுதுகிறேன்.

உங்கள் மாநிலம் அனுப்பிய நிர்வாகி வந்துவிட்டார். நல்ல சட்டை, நல்ல பல். போர்டு கூட்டத்தை நாம் எப்போது வைப்போம்? புதன்கிழமை சாயங்காலம், ஜெபக் கூட்டம் முடிந்த கையோடு. இவர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வைக்கிறார். வேலைக்குப் போகிறவர் யார் வர முடியும்? நான் பார்லரை மூடிவிட்டுப் போனேன்.

மேசைக்குப் பின்னால் அதே ஐந்து நாற்காலி. நடுவில் அவர் ஒருவர் மட்டும். சட்டப்படி இப்போது அவரே போர்டாம். "தீர்மானத்த முன்மொழியிறேன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமோதிக்கிறேன்" என்றார். "ஆதரிப்பவர்கள்?" என்று கேட்டுவிட்டுத் தானே கை தூக்கினார். என்னால் தாங்க முடியவில்லை. "சார், எதிர்க்கிறவங்க யாருன்னு கேக்கலையே? உங்களுக்கே உங்க மேல சந்தேகம் இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கேள்விகளை இனி அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் போட்டார். அதையும் அவரே ஆமோதித்தார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். உனக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

என் அப்பா வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போய், மறுநாளே பருத்தி ஆலை வேலையை இழந்தவர். நம் கறுப்பு ஜனத்தில் ஒருவர் அந்த மேசையில் உட்கார்வதைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார். நான் முதல் தடவை ஜெயித்த அன்று நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். அந்த நாற்காலியை என்னிடமிருந்து யாராவது பறிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்குள்ளிருந்தே ஆள் வரும் என்றுதான் நினைக்கவில்லை.

வெர்டெல் கோல்பர்ட்


14 அக்டோபர் 2013

அம்மா,

முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். மின்சாரக் கம்பெனிக்கு எழுதும்போதுதான் நீ அப்படிச் செய்வாய்.

தாத்தா வேலையை இழந்தது எனக்குத் தெரியும். நீ சொல்லித்தானே வளர்த்தாய். அவர் எதற்காக இழந்தார்? பேத்தியும் பேத்தியின் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றுதானே? அவர் வாங்கித் தந்த வாக்கை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள்? ஹோலிஸ் டீக்கனின் அக்கா மகனைக் கணக்கு வாத்தியாராகப் போட்டீர்கள். அவனுக்குப் பின்னமே வராது. நானும் அவனும் ஒரே வகுப்பு, எனக்குத் தெரியாதா? நீயே அன்று போனில், "டீக்கன் முகத்த முறிச்சுக்க முடியலடி" என்றாய். டீக்கனின் முகத்தைப் பார்த்தாய். ஜாமியாவின் முகத்தை யார் பார்ப்பது?

ஓட்டு போட்டவர்கள் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் எல்லாருமே யாருக்காவது மாமன், மச்சான்.

சும்மா எடுத்துக்கொள்ளவில்லை, அம்மா. தொடர்ந்து இரண்டு வருஷம் சி வாங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு வரட்டுமா? சோள ரொட்டி நான் செய்கிறேன். நீ எதுவும் பேச வேண்டாம், பக்கத்தில் இரு, போதும்.

ஷெல்


ஆஷ்பி லேண்டிங்
8 பிப்ரவரி 2016

அன்புள்ள ஷெல்லுக்கு,

மூன்று நன்றி நாள்கள் பேசாமல் சாப்பிட்டாயிற்று. நீயும் நானும் "உப்பக் கொடு" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. உன் சோள ரொட்டி வறண்டுபோயிருந்தது, அதைக்கூட நான் சொல்லவில்லை. என் குணத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். இனி என்னால் முடியாது.

நியாயத்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாமியா படிக்கிறாள். போன சனிக்கிழமை ஒரு அம்மாவுக்கு நான் மருந்து வைத்து முடிச் சுருளை நீக்கிக்கொண்டிருந்தேன். இவள் மருந்துப் புட்டியை எடுத்து, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைக் கடகடவென்று படித்தாள். "பெரியம்மா, இதுல பத்து நிமிஷத்துக்கு மேல வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றாள். நான் பதினைந்து நிமிஷம் வைத்திருந்தேன். அந்த அம்மாவின் முடியைக் காப்பாற்றியது உன் மாநிலம்தான் என்று எழுதி வைத்துக்கொள். டெனீஸ் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கணக்கு வாத்தியாரும் போய்விட்டான். அவனைப் போட்டதற்கு நான் கை தூக்கியிருக்கக் கூடாது. இதை ஒரு தடவைதான் சொல்வேன்.

இப்போது மற்றதைக் கேள். நூலகத்தை எடுத்துவிட்டார்கள். அலமாரிகளைக் காலி செய்து, வகுப்பில் பேசுகிற பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கணினித் திரைக்கு முன்னால் உட்காரவைக்கிற அறையாக்கிவிட்டார்கள். பாட்டு வாத்தியாரம்மாவுக்கு வேலை போயிற்று. தேர்வில் பாட்டு இல்லையாம். நீல அங்கிகளைச் சபையின் பின்னறையில் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். ஊர் வாத்தியார்கள் எல்லாரையும் மறுபடியும் விண்ணப்பம் போடச் சொன்னார்கள். பாதிப் பேர் ரோஷப்பட்டுப் போடவில்லை, மீதிப் பாதியை எடுக்கவில்லை. வந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான், சின்னப் பிள்ளைகள். ஈஸ்டருக்குள் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். எல்லா வகுப்பிலும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம். நடுவில் ஒரு பிள்ளை, "எங்க அப்பா ஜெயிலுக்குப் போயிட்டாரு" என்று சொன்னால், அந்த டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கிறாள். பாவம், அவள் என்ன செய்வாள்?

இதையெல்லாம் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது.

ஒரு பிள்ளை படிக்க வேண்டுமென்றால் ஊரே வாயை மூடிக்கொள்ள வேண்டுமா, ஷெல்? இரண்டும் சேர்ந்து நடக்கவே நடக்காதா? நீ படித்தவள், எனக்குச் சொல்.

ரொட்டிக்கு மோர் ஊற்றிப் பிசை. பால் ஊற்றாதே.

அம்மா


11 ஜூன் 2018

அன்புள்ள அம்மாவுக்கு,

போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இதை நீ கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சி வந்துவிட்டது! இந்த வருஷத்தோடு மாநிலம் வெளியேறுகிறது. நவம்பரில் போர்டு தேர்தல். ஐந்து நாற்காலியும் திரும்பி வருகிறது. திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன் அல்லவா? ஐந்து வருஷமாக இந்தக் கடிதத்தை எழுதத்தான் காத்திருந்தேன்.

ஏப்ரலில் ஹோலிஸ் டீக்கனின் அடக்கத்துக்கு வர முடியவில்லை. தேர்வுக் காலம், நகர முடியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, அன்பும் இருந்தது. அவர் மனைவியிடம் சொல்.

உன் வார்டில் நீதானே நிற்பாய்? நான் உனக்குச் சுவரொட்டி அடித்துத் தருகிறேன்.

உன்
ஷெல்


ஆஷ்பி லேண்டிங்
2 ஆகஸ்ட் 2018

அன்புள்ள ஷெல்லுக்கு,

உன் கடிதத்தைச் சபையில் எழுந்து நின்று வாசித்தேன். "ஆமென்" என்றார்கள். பிறகு சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்கு ஏதோ மாதிரி ஆகிவிட்டது.

டீக்கனின் அடக்கத்தைப் பற்றி உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. அவர் போனது தேர்வு வாரத்துக்கு முந்தின வியாழன். அவர் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? யாரும் கேட்காமல், தானாகவே தேர்வு அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். "பசங்களுக்குப் பரீட்சை. நம்மால இன்னொரு தடவ கெட்ட பேரு வேணாம்" என்றாள். தேர்வு முடியும்வரை அவரைக் குளிர் அறையில் வைத்திருந்தாள். பிறகு வந்த சனிக்கிழமைதான் அடக்கம். அன்று பள்ளி விடுமுறைதானே, வரலாமே? ஒரு பிள்ளையும் வரவில்லை. வர வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. பாட்டுக் குழுவும் இல்லை. பெட்டியிலிருந்து அந்த நீல அங்கிகளை எடுத்துப் பிள்ளைகளின் அளவில் ஏதாவது எங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்தோம். பொருந்தவில்லை. கிழவிகள் நாங்களே பாடினோம். எனக்குச் சுருதி சேரவில்லை. டீக்கன் இருந்திருந்தால், "வெர்டெல், நீ வாய மட்டும் அசை" என்றிருப்பார்.

இப்போது தேர்தலுக்கு வருகிறேன். நிற்க வேண்டுமென்றால் வார்டுக்காரர்கள் ஐம்பது பேரின் கையெழுத்து வேண்டும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கோழி வறுவல் ஆறுவதற்குள் நிறைந்துவிடும். இந்தத் தடவை இரண்டு வாரமாக அலைகிறேன். ஐந்து வார்டில் மூன்றில் யாருமே மனு வாங்கவில்லை. டெனீஸ், என் டெனீஸ், பேனாவைத் தொட மாட்டேன் என்கிறாள். "எதுக்குக்கா? அவங்களுக்குப் பிடிக்காம நாம ஏதாவது செஞ்சா மறுபடியும் புடுங்கிக்குவாங்க. விடுங்கக்கா. கதவு தொறந்திருக்கு, பசங்க படிக்குது. இதுவே போதும்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏறுக்கு மாறாகப் பேசியிருப்பேன். அலுத்துப்போய்ச் சொன்னாள்.

ஜாமியாதான் என்னோடு வருகிறாள். வளர்ந்துவிட்டாள், என்னைவிட உயரம். கண் தெரியாத பெரியவர்களுக்கு மனுவை அவள்தான் படித்துக் காட்டுகிறாள். சட்ட வாசகம் முழுவதையும் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் படிக்கிறாள். என் மனசு நிறைந்துபோகும். நேற்று நான்காவது வீட்டுப் படி இறங்கும்போது கேட்டாள்:

"பெரியம்மா, போர்டுன்னா என்ன பண்ணுவாங்க?"

"ஸ்கூல நடத்துவாங்க. நாமளே ஓட்டுப் போட்டு நம்ம ஆளுங்கள உக்கார வைக்கிறது."

"நாமளா? ஸ்கூலு அந்த சாருதில்லையா? அவருதானே ஓனரு?"

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியும், ஷெல். அதை நீங்கள்தான் கொடுத்தீர்கள், சாகும்வரை மறுக்க மாட்டேன். ஆனால் பள்ளிக்கூடம் தன்னுடையது என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதில் தெரிந்திருந்தது. "எங்க ஸ்கூலு" என்றுதான் சொல்வாள். நீ கேட்டிருக்கிறாய்.

இன்னும் பதினொரு கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை, இந்த வெள்ளிக்கிழமை அல்ல.

அம்மா


5 ஆகஸ்ட் 2018

அம்மா,

கடிதம் நேற்று வந்தது. நானும் படியில்தான் உட்கார்ந்தேன், என் அடுக்குமாடிப் படியில்.

அறிக்கையில் என்னவெல்லாமோ எழுதினேன். கூரை ஒழுகுவது, வராத பிள்ளைகள், பின்னம் தெரியாத வாத்தியார் என்று ஒன்றையும் விடவில்லை. நான் எழுதியது பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்துக்கொண்டால் என்ன போகும் என்பதற்கு அதில் ஒரு பக்கம்கூட இல்லை. அதை யாரும் எங்களைக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு ஐந்து வருஷம் கழித்து அதே இடத்தில் போட்டால், உட்கார ஆள் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்பி வருகிறேன். உன் மனுவில் நான் கையெழுத்துப் போடுகிறேன். டெனீஸிடமும் நானே பேசுகிறேன். நீ அலையாதே. முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்.

உன் மகள்,
ஷெல்


ஆஷ்பி லேண்டிங்
7 ஆகஸ்ட் 2018

அன்புள்ள கண்ணு,

உன் கடிதத்தைப் படித்ததும் மனுவை எடுத்துக்கொண்டு நேராகத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். "என் பொண்ணு வரா, அவளுக்கு ஒரு வரி விட்டு வைக்கிறேன்" என்றேன். அங்கே இருக்கும் பெண் பட்டியலைப் பார்த்தாள். நீ உன் ஓட்டுரிமையைத் தலைநகரத்துக்கு மாற்றிக்கொண்டு எத்தனையோ வருஷமாயிற்றாம். "உங்க பொண்ணு கையெழுத்து செல்லாதும்மா. அவங்க இந்த ஊரு இல்லையே" என்றாள்.

அவள் சொன்னது சட்டம்தான், அவள் மேல் குற்றமில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இந்த ஊர்ப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று எழுத உன் கையெழுத்து செல்லுபடியானது. உன் அம்மாவை அங்கே உட்கார வைக்க மட்டும் செல்லாது. யோசித்துப் பார். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் எல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிற்று.

திரும்பி வந்தபோது டெனீஸ் பார்லர் வாசலில் நின்றிருந்தாள். ஜாமியா அவளிடம் என்ன சொன்னாளோ தெரியவில்லை. "குடுங்க அந்தப் பேனாவ" என்றாள். போட்டாள். தன் தெருவிலிருந்து மூன்று பேரையும் இழுத்து வந்தாள். இன்னும் ஏழு வேண்டும். கிடைக்கும், கிடைக்காமலும் போகும்.

நீ கட்டாயம் வா. கையெழுத்துப் போட வேண்டாம், என்னோடு வீடு வீடாக நட. நீ யார் என்று எல்லாருக்கும் தெரியும். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பொறுத்துக்கொள். ஜாமியா படிக்கட்டும். பள்ளிக்கூடம் யாருடையது என்று அவள் கேட்டதற்கு நீயே பதில் சொல்.

தலையில் எண்ணெயே வைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். போட்டோவில் பார்த்தேன், முடி காய்ந்து கிடக்கிறது. சனிக்கிழமை காலையில் யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. பார்லரில் ஜன்னலோர நாற்காலியை உனக்காக வைத்திருக்கிறேன். அதில் உட்கார யார் கையெழுத்தும் வேண்டாம்.

அம்மா